எடின்பரோ கால்டன் குன்று: முதல்முறை போகிறவர்களுக்குப் படிப்படியாக ஒரு விளக்கம்

ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில் பிரின்சஸ் ஸ்ட்ரீட்தான் பெரிய கடைத்தெரு. அதன் கிழக்குக் கோடியில் நின்று நிமிர்ந்து பார்த்தால், கட்டடங்களுக்கு மேலே ஒரு கோபுரமும் சில தூண்களும் தெரியும். அதுதான் கால்டன் குன்று. உயரம் 103 மீட்டர்தான். அடிவாரத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் உச்சிக்குப் போய்விடலாம். கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் திறந்தே இருக்கும்.

இவ்வளவு சுலபமாக இருப்பதுதான் சிக்கலும். வருகிறவர்களில் பெரும்பாலானோர் படியேறி, தூண்கள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, இருபது நிமிடத்தில் இறங்கிவிடுகிறார்கள். இந்தக் குன்றுக்கு அரை நாள் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நின்ற இடத்திலிருந்தே ஒரு நகரம் முழுவதையும் புரிந்துகொள்ளும் வாய்ப்பு வேறு எந்தத் தலைநகரிலும் இவ்வளவு எளிதாகக் கிடைக்காது. அதற்குப் பார்க்கும் வரிசை முக்கியம். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

படி 1: நாளையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள்

திங்கள் முதல் சனி வரை ஏதாவது ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். மேலே பகல் ஒரு மணிக்கு ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. அதோடு சேர்ந்த பீரங்கி முழக்கம் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கிறிஸ்துமஸ் அன்றும் புனித வெள்ளி அன்றும் கிடையாது. எனவே காலை பதினொன்றரை வாக்கில் அடிவாரத்தில் இருப்பதுபோல் திட்டம் போடுங்கள்.

எடின்பரோ வடக்கே வெகு தூரத்தில் இருக்கும் ஊர். ஜூன் மாதம் இரவு பத்து மணிக்குத்தான் சூரியன் மறையும். டிசம்பரில் மாலை மூன்றே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடும். குளிர்காலத்தில் போகிறவர்கள் ‘சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட்டால் அந்த நாள் போனது போனதுதான்.

இன்னொன்று, கடல்மூடுபனி. கோடை தொடங்கும் மாதங்களில், கிழக்கிலிருந்து காற்றடித்தால் வட கடலிலிருந்து வெள்ளைப் பனி வந்து ஊரை மூடிவிடும். ஊர்க்காரர்கள் இதை ‘ஹார்’ என்பார்கள். கீழே தெருவில் நிற்கும்போதே குன்றின் மேலுள்ள கோபுரம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், அன்று ஏறி நகரத்தைப் பார்க்க முடியாது. அருங்காட்சியகம் எதற்காவது போய்விட்டு மறுநாள் வாருங்கள்.

சூரிய அஸ்தமனத்துக்கு இந்த இடம் பேர்போனது, கூட்டமும் சேரும். அந்த நேரத்துக்கும் ஒருமுறை வரலாம். ஆனால் நன்றாக இருட்டிய பிறகு தனியாக மேலே தங்க வேண்டாம். விளக்கு வெளிச்சம் குறைவு, ஆள் நடமாட்டமும் குறைந்துவிடும். மற்றவர்கள் இறங்கும்போதே நீங்களும் இறங்கிவிடுங்கள்.

படி 2: எடுத்துப்போக வேண்டியவை

காற்றைத் தடுக்கும் மேலாடை கட்டாயம். கீழே இதமாக இருந்தாலும் மேலே காற்று வெளுத்து வாங்கும். குடை அந்தக் காற்றுக்குத் தாங்காது, தலைமூடியுள்ள மழைக்கோட்டுதான் சரி. வழுக்காத ஷூ, ஒரு பாட்டில் தண்ணீர், கொறிக்க ஏதாவது. குன்றின் மேல் கடைத்தெரு எதுவும் இல்லை என்பதால் சாப்பாட்டையும் கழிப்பறையையும் கீழே வேவர்லி ரயில் நிலையத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது. குட்டித் தொலைநோக்கி வைத்திருந்தால் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு இங்கே நிறைய வேலை இருக்கிறது.

இந்தியப் பாஸ்போர்ட்டில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்காட்லாந்துக்கு பிரிட்டன் விசா வேண்டும். ஐரோப்பியச் சுற்றுலாவுக்கு எடுத்த ஷெங்கன் விசா இங்கே செல்லாது.

படி 3: அடிவாரத்துக்கு வாருங்கள்

லண்டனிலிருந்து வருகிறவர்கள் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் ஏறக்குறைய நாலரை மணி நேரத்தில் வேவர்லியில் இறங்கலாம். விமான நிலையத்திலிருந்து வருகிறவர்களுக்கு டிராம் வசதி. 2023 ஜூனில் அந்தத் தடத்தைக் கடற்கரைப் பக்கமுள்ள நியூஹேவன் வரை நீட்டிவிட்டார்கள். செயின்ட் ஆண்ட்ரூ ஸ்கொயர் அல்லது பிகார்டி பிளேஸ் நிறுத்தத்தில் இறங்கினால் குன்று பக்கம்தான். ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில் 1859இல் பிறந்தது இந்தப் பிகார்டி பிளேஸில்தான். அங்கே ஹோம்ஸுக்கு ஒரு சிலையும் உண்டு.

வேவர்லியிலிருந்து பிரின்சஸ் ஸ்ட்ரீட்டுக்கு ஏறி வந்தால், மணிக்கூண்டு வைத்த பால்மோரல் ஹோட்டல் தெரியும். அதன் கடிகாரத்தில் மணி என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் போனைவிட மூன்று நிமிடம் கூடுதலாகக் காட்டும். பழுது ஒன்றும் இல்லை. ரயிலுக்கு ஓடுகிறவர்கள் வண்டியைத் தவறவிடக் கூடாது என்று வேண்டுமென்றே முன்னால் வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 31 இரவு மட்டும், புத்தாண்டு பிறப்பதற்காகச் சரியான நேரத்துக்குத் திருப்புவார்கள். இந்தக் கடிகாரத்தை நினைவில் வையுங்கள், ஒரு மணி நிகழ்ச்சியின்போது தேவைப்படும்.

அங்கிருந்து கிழக்கே நேராக நடந்தால் அந்தத் தெருவே வாட்டர்லூ பிளேஸ் என்று பெயர் மாறும். சற்று தூரத்தில், நீங்கள் நடப்பது தரைமேல் அல்ல, பாலத்தின் மேல் என்பது தெரியவரும். இடைவெளி வழியே எட்டிப்பார்த்தால் வெகு ஆழத்தில் இன்னொரு தெரு ஓடும். இது ரீஜன்ட் பாலம், 1819இல் திறந்தது. அதற்கு முன்பு நகரத்துக்கும் குன்றுக்கும் நடுவே ஆழமான பள்ளம் இருந்தது. பாலத்தைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் உயரமான கருத்த சுவர்கள் வரும். ஒரே கல்லறைத் தோட்டத்தை இரண்டாக வெட்டித்தான் இந்தச் சாலையைப் போட்டார்கள். வலப்பக்கச் சுவரில் உள்ள வாசலைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், இறங்கும்போது உள்ளே போவோம்.

படி 4: ஏறுங்கள்

சுவர் முடிந்த பிறகு இடப்பக்கம் கல் படிக்கட்டு தொடங்கும். பெரும்பாலானோர் ஏறும் வழி இதுதான். கைப்பிடிக் கம்பி உண்டு, மூச்சு வாங்கினால் நின்று நின்று ஏறுங்கள்.

படியேறும்போது பக்கத்தில் ராக் ஹவுஸ் என்ற வீடு வரும். இப்போது தனியார் வீடு, வெளியே நின்று பார்த்துக்கொள்ளலாம். 1843 முதல் 1847 வரை டேவிட் ஆக்டேவியஸ் ஹில் என்ற ஓவியரும் ராபர்ட் ஆடம்சன் என்ற இளைஞரும் இங்கேதான் ஸ்டுடியோ வைத்திருந்தார்கள். புகைப்படக் கலை பிறந்து நாலைந்து வருடமே ஆகியிருந்த காலம் அது. ஊர்ப் பிரமுகர்களையும் நியூஹேவன் மீனவப் பெண்களையும் ஒரே அக்கறையோடு படம் பிடித்தார்கள். உள்ளே வெளிச்சம் போதாது என்பதால் வீட்டுக்கு வெளியே, வெயிலில் உட்கார வைத்து எடுத்தார்கள். இன்று அதே குன்றில் நாம் போனை நீட்டி ஆயிரம் படம் எடுக்கிறோம். அந்த வீட்டைத் தாண்டும்போது ஒரு நிமிடம் நிற்பது நியாயம் என்று எனக்குத் தோன்றும்.

முழங்கால் வலி உள்ளவர்கள், தள்ளுவண்டியில் குழந்தையோடு வருகிறவர்கள் படிக்கட்டை விட்டுவிட்டு ரீஜன்ட் சாலையில் இன்னும் கொஞ்சம் நடந்தால், வாகனம் போகும் சரிவுப் பாதை ஒன்று மேலே போகும். அதுவும் செங்குத்தாகத்தான் இருக்கும், ஆனால் படி இல்லை.

கூகுள் வரைபடத்தைப் பார்த்துப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. குன்றின் கிழக்குப் பக்கம் பெரிய பச்சைப் பகுதி ஒன்று தெரியும். அது ரீஜன்ட் தோட்டம். சுற்றியுள்ள வீட்டுக்காரர்களுக்கான தனியார் தோட்டம், சாவி இல்லாமல் நுழைய முடியாது. அந்தப் பக்கமாக வழி தேடி அலைய வேண்டாம்.

படி 5: எதையும் தொடாமல் ஒரு சுற்று

மேலே வந்ததும் கால் தானாகத் தூண்களை நோக்கித்தான் போகும். அதை ஒரு மணி நேரத்துக்குத் தள்ளிப்போடுங்கள். முதலில் குன்றின் விளிம்பை ஒட்டி ஒரு முழுச் சுற்று. நினைவுச்சின்னங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த யோசனைக்கு வரலாறும் துணை நிற்கிறது. 1780களில் ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர் எடின்பரோவில் இருந்தார். இந்தக் குன்றின் மேலிருந்து ஊரை நாலாபுறமும் பார்த்து, ஒரு வட்டமான சுவரின் உட்புறம் முழுக்க அந்தக் காட்சியை வரைந்தால், நடுவில் நிற்பவருக்கு நேரில் நிற்பதுபோலவே இருக்குமே என்று யோசித்தார். 1787இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஐரோப்பாவையே கலக்கிய பனோரமா ஓவியங்கள் அங்கிருந்து தொடங்கியவைதான். உங்கள் போன் கேமராவில் இருக்கும் பனோரமா வசதியை ஒருமுறையாவது பயன்படுத்த வேண்டிய இடம் இது.

மேற்கு விளிம்பில் ஆரம்பியுங்கள். வட்ட வடிவில், ஒன்பது தூண்களோடு சிறிய மண்டபம் ஒன்று நிற்கும். டுகால்ட் ஸ்டூவர்ட் என்ற தத்துவப் பேராசிரியரின் நினைவாக 1831இல் எழுப்பியது. ஏதென்ஸில் உள்ள லைசிகிரடீஸ் மண்டபத்தைப் பார்த்து வடிவமைத்தார் வில்லியம் பிளேஃபேர். எடின்பரோ என்று தேடினால் இணையத்தில் முதலில் வரும் படம் இந்த இடத்திலிருந்து எடுத்ததுதான்: முன்னால் மண்டபம், நடுவே பால்மோரல் மணிக்கூண்டு, பின்னால் பாறை மேல் கோட்டை. அந்தப் படம் உங்களுக்கும் வேண்டுமென்றால் மண்டபத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில் கொஞ்சம் ஏறி நில்லுங்கள். காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து விழும், கோட்டை பளிச்சென்று வரும்.

படம் எடுத்த பிறகுதான் உண்மையான வேலை. கோட்டையில் கண்ணை வைத்து மெதுவாக இடப்பக்கம் நகர்த்துங்கள். கோட்டைப் பாறையிலிருந்து ஒரு நீளமான முதுகு கிழக்கே சரிந்து இறங்கும். அதன் மேல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் கருத்த கட்டடங்கள்தான் பழைய நகரம். இனி வலப்பக்கம் பாருங்கள். நேர்கோட்டுத் தெருக்கள், ஒரே சீரான வீட்டு வரிசைகள். இது புதிய நகரம், 1767இல் ஜேம்ஸ் கிரெய்க் என்ற இளம் கட்டடக் கலைஞர் போட்ட திட்டம். இரண்டுக்கும் நடுவே பள்ளத்தில் ரயில் பாதையும் பூங்காவும். ஒன்று தேவைக்கேற்ப வளர்ந்த ஊர், மற்றது காகிதத்தில் கோடு போட்டுக் கட்டிய ஊர். 1995இல் யுனெஸ்கோ இரண்டையும் சேர்த்தே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கீழே தெருத்தெருவாக இரண்டு நாள் சுற்றினாலும் பிடிபடாத இந்த அமைப்பு, இங்கே நின்றால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

அடுத்து வடக்கு. இந்தச் சரிவைச் சுற்றிப் போகும் பாதைக்கு ஹியூம் வாக் என்று பெயர். தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் இந்த ஊர்க்காரர். மக்கள் காற்று வாங்க நடப்பதற்கு இங்கே ஒரு பாதை போட வேண்டும் என்று நகர மன்றத்தை வலியுறுத்தினார். 1775இல் போட்டார்கள். குன்றை நகர மன்றம் வாங்கியது அதற்கும் அரை நூற்றாண்டு முன்னால், 1724இல். பொதுமக்கள் நடந்து திரிவதற்கென்று ஒரு மலையை ஒதுக்கும் எண்ணம் பிரிட்டனிலேயே புதிதாக இருந்த காலம் அது. மற்ற ஊர்களில் மன்னர் வேட்டைக்கு வைத்திருந்த நிலம் பிற்பாடு பூங்காவானது. இங்கே ஆரம்பத்திலிருந்தே நடப்பவர்களுக்குத்தான் முதலிடம். கட்டணமில்லாமல் நாம் உள்ளே போவதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது, அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஹியூம் வாக்கிலிருந்து பார்த்தால் லீத் துறைமுகம், அதற்கு அப்பால் ஃபோர்த் கழிமுகத்தின் நீர்ப்பரப்பு, எதிர்க்கரையில் ஃபைஃப் நிலம். மேகமில்லாத நாளில் வடமேற்கே தொலைநோக்கியைத் திருப்பினால் 1890இல் திறந்த சிவப்பு ரயில் பாலத்தின் முகடுகள்கூடப் பிடிபடும்.

கிழக்கே கடல் விரிந்துகொண்டே போகும். வானம் தெளிவாக இருந்தால் தொலைவில் கூம்புபோல் நார்த் பெரிக் லா மலை தெரியும்.

தெற்கே திரும்பியதும் காட்சி முற்றிலும் மாறும். நகரத்தின் நடுவே ஒரு காட்டு மலை, ஆர்தர்ஸ் சீட். 251 மீட்டர் உயரம். அதன் முன்னால் செங்குத்தாக வெட்டி வைத்ததுபோல் நிற்கும் செம்பழுப்புப் பாறை வரிசைதான் சாலிஸ்பரி கிராக்ஸ். நீங்கள் நிற்கும் குன்று, கோட்டை நிற்கும் பாறை, எதிரே தெரியும் இந்த மலை எல்லாமே சுமார் 34 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே குமுறிய எரிமலைகளின் மிச்சம். பின்னால் வந்த பனியாறுகள் மென்மையான பாறையைச் சுரண்டிக்கொண்டு போக, கடினமானவை மட்டும் எழுந்து நின்றன. 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் ஹட்டன் சாலிஸ்பரி கிராக்ஸில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். உருகிய பாறை கீழிருந்து வந்து, ஏற்கெனவே இருந்த படிவுப் பாறைகளைப் பிளந்துகொண்டு நுழைந்திருந்தது. பூமி நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்குப் பழையது என்று அவர் வாதாடியதற்கு இதுவும் ஒரு சான்று. நவீன நிலவியலுக்கு அவரைத்தான் தந்தை என்கிறோம்.

பாறைகளின் அடியில் ஹோலிரூட் அரண்மனையும், பக்கத்தில் 2004இல் திறந்த ஸ்காட்லாந்து நாடாளுமன்றக் கட்டடமும் தெரியும். கோட்டையும் அரண்மனையும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவிட்டீர்கள் அல்லவா? அவை இரண்டையும் இணைக்கும் தெருதான் ராயல் மைல். நாளைக்கு அங்கே நடக்கும்போது வழி கேட்க வேண்டியிருக்காது.

படி 6: ஒரு மணிக்குப் பந்து விழுவதைப் பாருங்கள்

பன்னிரண்டே முக்காலுக்கு டுகால்ட் ஸ்டூவர்ட் மண்டபத்தின் பக்கம் திரும்பி வந்துவிடுங்கள். அங்கிருந்து ஒரு பக்கம் கோட்டையும் மறுபக்கம் உயரமான நெல்சன் கோபுரமும் தெரியும்படி ஓர் இடம் பிடியுங்கள்.

டிராஃபல்கர் கடற்போரில் 1805இல் இறந்த தளபதி நெல்சனின் நினைவாகக் கட்டிய கோபுரம் இது. 1807இல் ஆரம்பித்தார்கள், உயரம் 32 மீட்டர். கவிழ்த்து வைத்த தொலைநோக்கியின் உருவம். உச்சியில் ஒரு கம்பம், அதில் ஒரு பந்து. 1850களில் அதை அங்கே வைத்தார் ஸ்காட்லாந்தின் அரச வானியலாளர் சார்லஸ் பியாட்சி ஸ்மித். மரத்தில் செய்து துத்தநாகத் தகடு போர்த்திய பந்து, எடை முக்கால் டன். கீழிருந்து பார்க்கும்போது அவ்வளவு கனம் என்று நம்ப முடியாது.

ஒரு மணிக்குச் சற்று முன்பு பந்து கம்பத்தில் ஏறும். சரியாக ஒரு மணிக்குக் கீழே விழும். லீத் துறைமுகத்தில் நின்ற கப்பல்களுக்காகத்தான் இந்த ஏற்பாடு. நடுக்கடலில் தீர்க்கரேகையைக் கணிக்கத் துல்லியமான கடிகாரம் வேண்டும். நான்கு விநாடி பிசகினால் பூமத்திய ரேகையில் ஒரு கடல்மைல் தள்ளிப்போய்விடும். பாறையும் மணல்திட்டும் உள்ள கரையோரத்தில் ஒரு மைல் என்பது உயிர்ப் பிரச்சினை. மாலுமிகள் தொலைநோக்கியில் குன்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பந்து விழுந்த நொடியில் தங்கள் கப்பல் கடிகாரம் எவ்வளவு பிசகியிருக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள்.

ஆனால் படி 1இல் சொன்ன கடல்மூடுபனி வந்தால் பந்தை யார் பார்ப்பது? அதனால் 1861இல் கோட்டையிலிருந்து பீரங்கி சுட ஆரம்பித்தார்கள். குன்றின் மேலிருந்த கடிகாரத்திலிருந்து கோட்டை வரை, ஊருக்கு மேலே, ஒன்றேகால் கிலோமீட்டருக்குக் கம்பி இழுத்து, மின்சாரத்தால் பீரங்கியை வெடிக்க வைத்தார்கள். அது இன்றும் சுடுகிறது.

இங்கே ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். பந்து விழும் கணத்தில் ‘ஒன்று, இரண்டு’ என்று விநாடி எண்ணத் தொடங்குங்கள். கோட்டைப் பக்கம் புகை தெரிந்தாலும் தெரியலாம். சத்தம் மட்டும் உடனே வராது. மூன்று, நான்கு என்று எண்ணும்போதுதான் ‘டொம்’ என்று வந்து மோதும். ஒலி ஒன்றேகால் கிலோமீட்டரைக் கடக்க எடுக்கும் நேரம் அது. குழந்தைகளோடு போனால் இதை அவர்களே எண்ணட்டும், பாடப்புத்தகத்தில் படித்த ஒலியின் வேகத்தைக் காதாலேயே அளந்துவிடுவார்கள். அப்படியே பால்மோரல் மணிக்கூண்டையும் பாருங்கள், அது ஒன்று மூன்று என்று காட்டிக்கொண்டிருக்கும். கப்பலுக்கு விநாடி சுத்தம், ரயிலுக்கு மூன்று நிமிடம் கூடுதல். இரண்டுமே யாரோ ஒரு பயணிக்காக யோசித்துச் செய்தவை.

பராமரிப்பு வேலை நடந்தால் பந்து அன்று அசையாது. அப்போதும் பீரங்கிச் சத்தத்துக்காகக் காத்திருக்கலாம்.

கோபுரத்தின் மேல் ஏறுவதற்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும். 143 படிகள், குறுகலான சுழல் படிக்கட்டு. திறந்திருக்கும் நாளும் நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறும், கிளம்பும் முன் நகர மன்ற அருங்காட்சியகங்களின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று நன்றாகப் பார்த்தவர்கள் இதில் ஏறாவிட்டாலும் நஷ்டமில்லை. காற்று பலமாக இருக்கும் நாளில் நான் ஏறச் சொல்ல மாட்டேன்.

படி 7: இப்போது தூண்கள்

இவ்வளவு நேரம் ஒதுக்கி வைத்திருந்த பன்னிரண்டு தூண்களுக்கு வருவோம். இது தேசிய நினைவுச்சின்னம். நெப்போலியனோடு நடந்த போர்களில் இறந்த ஸ்காட்லாந்துப் படைவீரர்களுக்காக, ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலை அப்படியே இங்கே எழுப்ப நினைத்தார்கள். 1822இல் அடிக்கல் நாட்டி, 42,000 பவுண்டு நிதி கேட்டார்கள். பதினாறு மாதம் கழித்துச் சேர்ந்தது சுமார் 16,000 பவுண்டு. 1826இல் வேலை ஆரம்பித்து, 1829இல் பணம் தீர்ந்து நின்றது. வடிவமைத்தவர்கள் சார்லஸ் காக்ரெல், வில்லியம் பிளேஃபேர்.

ஊரில் இதை ‘எடின்பரோவின் அவமானம்’ என்று சொல்வார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் அந்தப் பெயர் பொருந்தாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கையை ஒரு தூணின் மேல் வைத்துப் பாருங்கள். கிரெய்க்லீத் குவாரியில் வெட்டிய மணற்கல். இத்தனை மழையிலும் காற்றிலும் புகையிலும் கருத்திருக்கிறதே தவிர, செதுக்கிய பள்ளங்களின் விளிம்பு இன்னும் விரலுக்குக் கூர்மையாகத் தட்டுப்படும். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே உள்ள இணைப்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெரிய கற்களில் சிலவற்றைக் குன்றின் மேல் ஏற்றப் பன்னிரண்டு குதிரைகளும் எழுபது ஆட்களும் வேண்டியிருந்தது. பணம் குறையக் குறையத் தரத்தைக் குறைத்து எதையாவது கட்டி முடித்திருக்கலாம். அதைச் செய்யாமல், செய்தவரை செம்மையாகச் செய்துவிட்டு நிறுத்தியிருக்கிறார்கள்.

தூண்கள் நிற்கும் மேடையில் எல்லோரும் ஏறி உட்காருவார்கள். அதன் படிகள் சாதாரணப் படி அல்ல, மிக உயரம். ஒருவர் கை கொடுத்து இன்னொருவரைத் தூக்கிவிட வேண்டியிருக்கும். ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம், கல் ஈரமாக இருந்தால் வழுக்கும். வேட்டி, புடவையில் இருப்பவர்கள் கீழேயே நின்று பார்க்கலாம், தூண்களின் உயரம் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.

படி 8: மிச்சமிருப்பவை

மேற்குப் பக்கம் மதில் சுவருக்குள் இருக்கும் குவிமாடக் கட்டடம் பழைய நகர வானாய்வகம். இதுவும் பிளேஃபேர் வடிவமைத்தது, 1818. ஊர்ப் புகையும் விளக்கு வெளிச்சமும் கூடிப்போகவே அரச வானாய்வகம் 1896இல் பிளாக்ஃபோர்டு குன்றுக்கு இடம் மாறியது. 2018 முதல் கலெக்டிவ் என்ற சமகாலக் கலைக்கூடம் இங்கே இயங்குகிறது, நுழைவு இலவசம். குளிரில் நடுங்கியவர்களுக்கு உள்ளே கொஞ்ச நேரம் ஒதுங்கவும் வசதி.

வெளியே புல்வெளியில் ஒரு பித்தளைப் பீரங்கி இருக்கும். குழந்தைகள் அதன் மேல் ஏறி விளையாடுவார்கள். அதை அவசியம் குனிந்து பாருங்கள். ஐரோப்பாவில் வார்த்த பீரங்கி, ஸ்பெயின் அரச முத்திரை மேலே பொறித்திருக்கும். அதே உலோகத்தில் பர்மிய எழுத்துகளும் இருக்கும். போர்ச்சுகீசியர் வழியாகக் கிழக்கே போய், அரக்கான் மன்னர் கைக்கு வந்து, 1885இல் பிரிட்டன் பர்மாவைப் பிடித்தபோது கைப்பற்றி இங்கே கொண்டுவந்தது. கிரேக்கத் தூண்களைப் படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. ஆசியாவிலிருந்து வந்த நாம் அதைத் தாண்டிப் போகக் கூடாது.

கற்களை அடுக்கி எழுப்பிய ஒரு சிறு மேடையும் மேலேயே உண்டு. ஸ்காட்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் வேண்டும் என்று கோரி, 1992 ஏப்ரலில் குன்றின் அடிவாரத்தில் சிலர் இரவும் பகலும் தொடர்ந்து அமர்ந்தார்கள். 1997 செப்டம்பரில் பொதுவாக்கெடுப்பு வெற்றி பெறும்வரை, 1,980 நாட்கள் அது நீடித்தது. அதன் நினைவுதான் இந்தக் கல்மேடை. அங்கிருந்து பார்க்கும்போது, சற்று முன்பு தெற்கே காட்டிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வேறு கனம் வந்துவிடும்.

ஏப்ரல் 30 இரவு ஊரில் இருப்பவர்களுக்கு: பெல்டேன் தீ விழா அன்று இந்தக் குன்றின் மேல் நடக்கும். 1988இல் ஆரம்பித்தது. தீப்பந்தங்கள், மேளம், உடம்பு முழுக்க வண்ணம் பூசிய ஊர்வலம். அதற்குச் சீட்டு வாங்க வேண்டும், முன்பதிவு செய்துவிடுங்கள்.

படி 9: இறங்கும் வழியில் கல்லறைத் தோட்டம்

வந்த படிக்கட்டிலேயே இறங்கி, சாலையைக் கடந்து, நாம் பார்த்து வைத்த வாசல் வழியே பழைய கால்டன் கல்லறைத் தோட்டத்துக்குள் போங்கள். உள்ளே மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். முதலாவது, உருளை வடிவக் கல்கூடம். 1776இல் இறந்த டேவிட் ஹியூமின் சமாதி, ராபர்ட் ஆடம் வடிவமைத்தது. மேலே அவர் பெயரால் உள்ள பாதையில்தான் சற்று முன்பு நடந்தோம். பக்கத்திலேயே ஆபிரகாம் லிங்கன் சிலை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்கு எதிராகப் போரிட்ட ஸ்காட்லாந்துக்காரர்களுக்காக 1893இல் வைத்தது. லிங்கனின் காலடியில் விடுதலை பெற்ற ஒருவர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாவது, ஊசிபோல் உயர்ந்து நிற்கும் கருத்த தூண். மக்களுக்கு வாக்குரிமை கேட்டதற்காக 1790களில் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டவர்களின் நினைவாக 1844இல் எழுப்பினார்கள்.

தோட்டத்தின் தெற்கு ஓரத்தில் கோட்டைபோல் ஒரு கட்டடம் எட்டிப்பார்க்கும். பலர் அதைத்தான் எடின்பரோ கோட்டை என்று நினைத்துக்கொள்வார்கள். அது பழைய கால்டன் சிறை அதிகாரியின் வீடு. சிறையை 1930களில் இடித்துவிட்டு, அந்த இடத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஹவுஸ் என்ற அரசுச் செயலகத்தைக் கட்டினார்கள்.

இன்னும் காலில் தெம்பு இருந்தால் ரீஜன்ட் சாலையிலேயே கிழக்கே நடந்து, கவிஞர் ராபர்ட் பர்ன்ஸுக்கு எழுப்பிய வட்ட மண்டபத்தைப் பார்த்துவிட்டு ஹோலிரூட் பக்கம் இறங்கலாம். பசித்தால் எதிர்த்திசை. பிகார்டி பிளேஸிலிருந்து கடலை நோக்கிச் சரியும் லீத் வாக் தெருவில் எல்லா நாட்டுச் சாப்பாடும் கிடைக்கும், விலையும் கோட்டைப் பக்கத்தைவிடக் குறைவு.